பூட்டிக் கிடந்த பசுமைக்குடிலை மறுபடி செடிக்குத் தயார் செய்வது: எந்த அறிகுறிக்கு எங்கே பார்ப்பது

ஒன்றிரண்டு வருடம் ஆள் நடமாட்டமில்லாமல் கிடந்த பசுமைக்குடிலைத் திறந்ததும் பெரும்பாலானோர் செய்கிற முதல் வேலை, கூரைக்குப் புதுத் தாள் எவ்வளவு, புது மண் எவ்வளவு என்று கணக்குப் போடுவதுதான். கொஞ்சம் பொறுங்கள். இப்படிக் கிடந்த குடில்களைத் திரும்பத் திரும்பச் சரிசெய்ததில் நான் கண்டது, குறைகளில் பாதிக்கு மேல் வெறும் அழுக்கும் அடைப்பும்தான். கழுவிக் காயவைத்தாலே போய்விடும். மீதிக்குத்தான் காசு வேண்டும், அதிலும் எதற்கு என்பது கழுவி முடித்த பிறகுதான் தெரியும். அதனால் முதலில் கழுவுங்கள், அப்புறம் வாங்குங்கள்.

உங்கள் குடிலில் தெரிகிற அறிகுறியைக் கீழே தேடி நேராக அங்கே போகலாம். முதல் பகுதியை மட்டும் எல்லோரும் படித்துவிடுங்கள், அது உங்கள் உடம்புக்கானது.

உள்ளே புதர் மண்டிக் கிடக்கிறது, எங்கே தொடங்குவது என்றே தெரியவில்லை

மின் இணைப்பு இருந்தால் உள்ளே கால் வைக்கும் முன் மெயினை அணைத்துவிடுங்கள். பூட்ஸ், தடித்த கையுறை, நீளமான குச்சி ஒன்று. தரையைக் குச்சியால் தட்டிக்கொண்டே போங்கள், கவிழ்த்து வைத்த தொட்டியையும் சுருட்டி வைத்த தாளையும் வெறுங்கையால் தூக்காதீர்கள். பாம்போ குளவிக் கூடோ கண்ணில் பட்டால் அன்றைக்கு வேலை அவ்வளவுதான். வெளியே வந்து, பிடிக்கத் தெரிந்தவரைக் கூப்பிடுங்கள்.

எலிப் புழுக்கை கிடக்கிறதா? உலர்ந்த நிலையில் பெருக்காதீர்கள், அந்தத் தூசு மூச்சில் போகக் கூடாது. ப்ளீச் கலந்த தண்ணீரைத் தெளித்து, ஐந்து பத்து நிமிடம் ஊறவிட்டு, துணியால் ஒற்றி எடுங்கள். பழைய தொட்டிக் கலவையும் அப்படித்தான்: ஈரம் செய்துவிட்டு, முகக்கவசம் போட்டுக்கொண்டு அள்ளுங்கள்.

களைகளையும் காய்ந்த செடிகளையும் உள்ளேயே சாக்கில் திணித்து வாயைக் கட்டி வெளியே கொண்டுபோங்கள். அப்படியே இழுத்துக்கொண்டு போனால் வெள்ளை ஈயும் விதையும் வழியெல்லாம் உதிரும். ஆனால் பிடுங்கிய செடியின் வேரை ஒருமுறை பார்த்துவிட்டுப் போடுங்கள், ஏன் என்று மண் பகுதியில் சொல்கிறேன்.

பிறகு மேலிருந்து கீழே: கூரை, சுவர், மேடை, கடைசியில் தரை. முதலில் உலர் அழுக்கு, அடுத்து சோப்புத் தண்ணீர், அதை அலசிய பின்தான் கிருமிநாசினி (பாலித்தீன் தாளுக்கு மட்டும் சோப்போடு நிறுத்திவிடுங்கள்). இந்த வரிசை மாறினால் உழைப்பு வீண், ஏனென்றால் ப்ளீச் அழுக்கின் மேல் பட்டால் அழுக்கோடு மல்லுக்கட்டித் தன் வீரியத்தை இழந்துவிடும், கிருமி அப்படியே இருக்கும். அளவு: 5 சதவீத ப்ளீச் திரவம் ஒரு பங்கு, தண்ணீர் ஒன்பது பங்கு. மேடை, தொட்டி, தட்டு இவை பத்து நிமிடமாவது அதில் நனைந்திருக்க வேண்டும், பிறகு நல்ல தண்ணீரில் அலச வேண்டும். கலந்ததை அன்றே தீர்த்துவிடுங்கள். வினிகர், அமிலம், அமோனியா உள்ள எதோடும் ப்ளீச்சைக் கலக்கவே கூடாது, நச்சு வாயு வரும். மூடிய குடிலுக்குள் அது உயிருக்கே ஆபத்து. எல்லாத் திறப்புகளையும் திறந்து வைத்துக்கொண்டு வேலை செய்யுங்கள்.

உள்ளே வெளிச்சம் மங்கலாக இருக்கிறது

கூரையில் இரண்டு கை அகலத்துக்கு ஒரு இடத்தை உள்ளேயும் வெளியேயும் நன்றாகத் துடையுங்கள். தள்ளி நின்று பக்கத்து இடத்தோடு ஒப்பிடுங்கள்.

*துடைத்த இடம் பளிச்சென்று தெரிகிறது.* அப்படியானால் வெறும் பாசியும் தூசுமே. வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீர், நீளக் கம்பில் கட்டிய மென்மையான பிரஷ், அவ்வளவு போதும். வெயில் ஏறும் முன் செய்யுங்கள், சோப்பு காய்ந்து திட்டுத் திட்டாக நின்றுவிடும். கண்ணாடிகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறும் இடுக்கில் பாசி பச்சைக் கோடாக நிற்கும், பிரஷ் அங்கே நுழையாது. ஒரு பழைய பிளாஸ்டிக் அட்டையை உள்ளே விட்டு இழுத்துப் பாருங்கள், மொத்தமாக வந்துவிடும்.

பாலிகார்பனேட் (கெட்டியான பிளாஸ்டிக் ஷீட்) கூரை என்றால் சொரசொரப்பான நார், தின்னர், அமோனியா கலந்த கண்ணாடித் திரவம் எதுவும் படக் கூடாது. கீறல் விழுந்தால் அதில்தான் அடுத்த பாசி பிடிக்கும்.

*துடைத்தால் கையில் வெள்ளையாக ஒட்டுகிறது.* யாரோ நிழலுக்காக அடித்த வெள்ளைப் பூச்சு. ஈரத்துணியும் பொறுமையும் போதும்.

*பச்சை நிறம் இரட்டைச் சுவர்ப் பாலிகார்பனேட்டின் குழல்களுக்குள்ளே இருக்கிறது.* வெளியிலிருந்து எவ்வளவு தேய்த்தாலும் போகாது. மேல், கீழ் முனைப் பட்டைகளைக் கழற்றி, குழாயை வைத்துத் தண்ணீர் பாய்ச்சி, காற்று அடித்துக் காயவிடுங்கள். மறுபடி மூடும்போது மேல் முனைக்குக் காற்றே புகாத டேப், கீழ் முனைக்கு ஈரம் வெளியேறுகிற துளை டேப். இரண்டையும் முழுதாக அடைத்துவிட்டால் உள்ளே வேர்க்கும், அடுத்த வருடம் மறுபடி பச்சை.

*துடைத்தும் மங்கலாகவே இருக்கிறது.* பொருளுக்கே வயதாகிவிட்டது. பாலித்தீன் தாள் என்றால் ஓரத்தில் ஒரு மூலையை இறுக்கமாக மடித்துப் பாருங்கள். மடித்த கோட்டில் வெடிக்கிறது, வெளுக்கிறது என்றால் மாற்றத்தான் வேண்டும். புற ஊதாக் கதிரைத் தாங்கும் 200 மைக்ரான் தாளே மூன்றிலிருந்து ஐந்து வருடம்தான் உழைக்கும், அதிலும் சூடான இரும்புக் குழாயைத் தொடும் இடம் முதலில் போகும். அங்கே மட்டும் கிழிசல் இருந்து மற்ற இடம் வளைந்து கொடுத்தால், இரண்டு பக்கமும் சுத்தமாகத் துடைத்துக் காயவைத்து ஒட்டு டேப் போட்டு ஒரு பருவம் ஓட்டலாம். இன்னொன்று: தாள் மேல் ப்ளீச்சையும் கந்தக மருந்தையும் வாரி அடிக்காதீர்கள். குளோரினும் கந்தகமும் தாளின் ஆயுளைக் குறைக்கும், சோப்பே போதும்.

மஞ்சளித்துப்போன பாலிகார்பனேட்டை எந்தத் திரவமும் திருப்பிக் கொண்டுவராது. புதிது போட்டால் புற ஊதாப் பூச்சு உள்ள பக்கம் வெளியே பார்க்க வேண்டும், ஷீட்டின் மேல் ஒட்டியிருக்கும் மெல்லிய தாளில் எழுதியிருக்கும். அதைக் கவனிக்காமல் திருப்பிப் போட்டால் சில வருடத்தில் மறுபடி மஞ்சள்.

*ஆள் கூப்பிட வேண்டிய இடம்:* கம்பு எட்டாத உயரம். ஷீட்டின் மேலோ கண்ணாடியின் மேலோ காலை வைத்து ஏறலாம் என்று நினைக்கவே வேண்டாம்.

கதவு சிக்குகிறது, சட்டம் ஆடுகிறது

கீல், தாழ்ப்பாள், அடியில் சேர்ந்த மண் இவற்றைச் சுத்தம் செய்து எண்ணெய் விடுங்கள். சரியாகவில்லையா, கதவு வாசலின் ஒரு மூலையிலிருந்து எதிர் மூலைக்கு அளவெடுங்கள், பிறகு மற்ற இரு மூலைகள். இரண்டு அளவும் ஒன்றாக இருந்தால் குறை கதவில். வித்தியாசம் இருந்தால் சட்டமே சாய்ந்திருக்கிறது.

சாய்ந்த சட்டத்தில் முதலில் பார்க்க வேண்டியது குழாய் மண்ணுக்குள் இறங்கும் இடம். அங்கே மண்ணைக் கொஞ்சம் விலக்கி ஸ்க்ரூடிரைவரால் அழுத்துங்கள். மேலே துரு மட்டும் உதிர்ந்து உள்ளே உறுதியாக இருந்தால் கம்பி பிரஷால் தேய்த்துத் துத்தநாகப் பூச்சு அடிக்கலாம். ஸ்க்ரூடிரைவர் உள்ளே இறங்கினால் வெல்டரைக் கூப்பிடுங்கள், அடுத்த பெருங்காற்று வரை காத்திருக்க வேண்டாம். ஜிஐ குழாயை (துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய்) நீங்களே வெல்டிங் செய்யப் பார்க்காதீர்கள், துத்தநாகப் புகை காய்ச்சலில் தள்ளிவிடும். மரச்சட்டத்துக்கும் இதே ஸ்க்ரூடிரைவர் சோதனைதான். ஆனால் மிகப் பழைய பெயின்ட் என்றால் காய்ந்த நிலையில் தேய்க்காதீர்கள், ஈயம் இருக்கலாம்.

பகலில் உள்ளே நிற்க முடியாத சூடு

வெப்பமானியைச் செடி உயரத்தில், நேர் வெயில் படாமல் தொங்கவிட்டுப் பாருங்கள். வெயிலில் தொங்கினால் அது காட்டுவது காற்றின் சூடு அல்ல. 35 பாகைக்கு மேலேயே நின்றால் தக்காளி போன்றவை பூத்தாலும் பூவை உதிர்த்துவிடும்.

காற்றுத் திறப்புகள் முழுதாகத் திறக்கின்றனவா? நான் பார்த்த குடில்களில் இதுதான் அடிக்கடி வருகிற குறை: கொடி ஏறிச் சுற்றியிருக்கும், அல்லது துருவில் பாதியில் நின்றிருக்கும். அடுத்து பூச்சிவலை. தொட்டால் தூசு கையில் வருகிறதா? வெள்ளை ஈயைத் தடுக்கிற நெருக்கமான வலை கொஞ்சம் தூசிலேயே அடைத்துக்கொள்ளும், பார்வைக்கு வலையாகத் தெரிந்தாலும் காற்றுக்குச் சுவர்தான். உள்ளிருந்து வெளிப்பக்கமாகத் தண்ணீர் அடித்துக் கழுவுங்கள், வெளியிலிருந்து அடித்தால் தூசு உள்ளே இறங்கிச் சிக்கும்.

எல்லாம் திறந்தும் சூடு குறையவில்லை என்றால் திறப்பே போதாது. கூரைத் திறப்பின் பரப்பு தரைப் பரப்பில் ஐந்தில் ஒரு பங்காவது இருப்பது நல்லது. அதற்குச் செலவு செய்யும் முன் 50 சதவீத நிழல்வலை ஒன்றைக் கூரைக்கு வெளியே கட்டிப் பாருங்கள். உள்ளே கட்டினால் வெயில் உள்ளே வந்த பிறகுதான் தடுபடுகிறது, பாதிப் பலன்தான்.

விசிறி ஓடவில்லையா? மெயின் அணைந்திருக்கும்போதே இறக்கையைக் கையால் சுற்றிப் பாருங்கள். இறுக்கமாக இருந்தால் கூடு, தூசு, பேரிங். லேசாகச் சுற்றியும் மின்சாரம் கொடுத்தால் உறுமல் மட்டும் கேட்கிறது என்றால் உடனே அணையுங்கள், பெரும்பாலும் கெபாசிட்டர். அதுவும், அடிக்கடி ட்ரிப் ஆவதும், ஈரத்தில் ஊறிய வயரும் எலக்ட்ரீஷியன் வேலை. குடில் எப்போதும் ஈரமான இடம், அங்கே மின்சாரத்தில் துணிச்சல் காட்டக் கூடாது.

குளிரூட்டும் ஈரத்திண்டு இருந்தால், காய்ந்த கோடுகள் தெரிகிற இடத்துக்கு மேலே உள்ள தண்ணீர்க் குழாயின் துளை அடைத்திருக்கும், அதைக் குத்திவிடுங்கள். திண்டின் மேல் அழுத்தமாகத் தண்ணீர் பீய்ச்சினால் அது பிய்ந்துவிடும்.

காலையில் கூரை சொட்டுகிறது

மழை பெய்தபோது மட்டும் சொட்டினால் ஓட்டை. மழையே இல்லாமல் விடியற்காலையில் சொட்டினால் உள்ளே தேங்கிய ஈரம். இரண்டாவதற்கு மருந்து செலவில்லாதது: மாலையில் தண்ணீர் விடுவதை நிறுத்திக் காலைக்கு மாற்றுங்கள், தரையில் தேங்குவதை வடியவிடுங்கள், பொழுது சாயும் முன் கொஞ்ச நேரம் திறப்புகளைத் திறந்து ஈரக் காற்றை வெளியேற்றுங்கள். இதைச் செய்யாமல் இலையில் வருகிற சாம்பல் பூசணத்துக்கு மருந்து அடிப்பது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் நிரப்புவதுதான்.

தண்ணீர் எல்லாச் செடிக்கும் ஒரே மாதிரி போகவில்லை

சொட்டுநீர்க் குழாய் பழையது என்றாலே கழற்றி எறிகிறவர்கள் உண்டு. முதலில் அளந்து பாருங்கள். செடி வரிசையோடு போகிற ஒரு பக்கக் குழாயின் தொடக்கம், நடு, கடைசி மூன்று இடத்திலும் சொட்டுவானுக்கு (தண்ணீர் சொட்டுகிற முனை) அடியில் கப் வைத்து ஒரு நிமிடம் பிடியுங்கள். மணிக்கு 4 லிட்டர் சொட்டுவான் என்றால் நிமிடத்துக்கு ஏறக்குறைய 67 மி.லி. வர வேண்டும்.

*எல்லா இடத்திலும் குறைவு:* வடிகட்டியைக் கழற்றிக் கழுவுங்கள். அதுவும் சரி என்றால் வால்வு, அதற்கும் பிறகுதான் மோட்டார்.

*கடைசியில் மட்டும் குறைவு:* நடுவில் எங்கோ கசிகிறது, அல்லது முனையில் சேறு. முனை மூடியைத் திறந்து தெளிந்த தண்ணீர் வரும்வரை ஓடவிடுங்கள். முதலில் பெரிய குழாய், பிறகு கிளைக் குழாய், கடைசியில் பக்கக் குழாய்களை ஒவ்வொன்றாக. எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் திறந்தால் அழுத்தம் இல்லாமல் சேறு நகராது.

*அங்கொன்றும் இங்கொன்றுமாகக் குறைவு:* ஒரு சொட்டுவானை அறுத்துப் பாருங்கள். வழவழப்பு என்றால் பாசி, குளோரின் கலந்த தண்ணீர் வேண்டும். மணல் போல வெள்ளை என்றால் ஒரு சொட்டு வினிகர் விடுங்கள், நுரைத்தால் சுண்ணாம்பு, லேசான அமிலத்தில் ஊறவைத்தால் கரையும். இரண்டும் இருந்தால் ஒன்றை முடித்து, குழாயை முழுதாக அலசி, வேறொரு நாளில்தான் மற்றதைச் செய்ய வேண்டும். குளோரினும் அமிலமும் குழாய்க்குள் சந்திக்கவே கூடாது.

பாசி மறுபடி மறுபடி வந்தால் குறை குழாயில் இல்லை, தொட்டியில். வெளிச்சம் புகும் தொட்டியில் பாசி வராமல் இருக்காது. காலி செய்து தேய்த்துக் கழுவி, கறுப்புத் தாளால் சுற்றி மூடி போடுங்கள். கழுவியும் மூன்றில் ஒரு பங்கு சொட்டுவான்கள் தேறவில்லை என்றால் அந்தக் குழாயை மாற்றிவிடுவதே நல்லது, ஒவ்வொன்றாக நோண்டுகிற நேரத்துக்கு அது மேல்.

மண்ணின் மேல் வெள்ளைப் பொருக்கு, விதை முளைக்கவில்லை, செடி வளராமல் நிற்கிறது

இங்கே நிதானம் வேண்டும். மண்ணை மாற்றுவதுதான் இந்த வேலையிலேயே பெரிய செலவும் முதுகொடிக்கும் உழைப்பும், பல நேரம் அது தேவையே இல்லை.

பஞ்சு போன்ற வெள்ளை என்றால் பூசணம். கிளறிக் காயவிட்டால் போகும். கெட்டியாகப் பொருக்குத் தட்டியிருந்தால் உப்பு. குடிலுக்குள் மழை விழுவதில்லை, அதனால் போட்ட உரத்தின் மிச்சமும் தண்ணீரின் உப்பும் அங்கேயே தங்கிவிடும். அதைத் தண்ணீரால் கீழே தள்ளலாம், ஆனால் முதலில் தண்ணீர் இறங்குகிறதா என்று பாருங்கள். 30 செ.மீ. ஆழத்துக்குக் குழி தோண்டி நிரப்புங்கள், வடிந்ததும் மறுபடி நிரப்பி எவ்வளவு இறங்குகிறது என்று அளங்கள். மணிக்கு 2.5 செ.மீ. ஆவது இறங்கினால் சரி. அதற்குக் குறைவு என்றால் அடியில் மண் இறுகியிருக்கிறது, ஆழமாகக் கொத்தி மட்கிய உரம் சேர்த்த பிறகே அடுத்த படி. வடியாத மண்ணில் தண்ணீரைக் கொட்டினால் உப்பு எங்கும் போகாது.

வடிகால் சரியா? 15 செ.மீ. உயரத் தண்ணீர், அதாவது சதுர மீட்டருக்கு 150 லிட்டர், மண்ணில் இறங்கினால் மேல்மண் உப்பில் பாதி கழுவிப் போகும். இரண்டு மடங்கு விட்டால் ஐந்தில் நான்கு பங்கு. ஒரே நாளில் கொட்டாமல் பகுதி பகுதியாக விடுங்கள். உங்கள் தண்ணீரே உப்பாக இருந்தால் இந்த வழி உதவாது, மழைநீரைப் பிடித்து வையுங்கள்.

பொருக்கும் இல்லை, ஆனால் எதுவும் வளரவில்லை என்றால் இரண்டு தொட்டி எடுங்கள். ஒன்றில் குடில் மண், மற்றதில் செடி நன்றாக வளரும் வெளிமண். இரண்டிலும் பத்துப் பத்து பீன்ஸ் விதை. இரண்டிலும் முளைக்கவில்லை என்றால் விதை பழுது. குடில் மண்ணில் மட்டும் முளைக்காவிட்டால் பெரும்பாலும் உப்பு. முளைத்து இலை கிண்ணம் போலச் சுருண்டு முறுக்கினால் களைக்கொல்லியின் மிச்சம். அதற்கு உடனடி வைத்தியம் கிடையாது. மட்கிய உரம் சேர்த்து, ஈரம் காத்து, சில மாதம் கழித்து இதே சோதனையை மறுபடி செய்யுங்கள், அதுவரை தொட்டியில் வளருங்கள்.

இனி அந்தப் பிடுங்கிய வேர்கள். வேரில் கட்டி கட்டியாக இருக்கிறதா? விரலால் தேய்த்தால் கழன்று விழுகிற உருண்டை பயறு வகைச் செடியின் வேர்முண்டு, அது நல்லது. வேரே வீங்கியிருந்து கழலவில்லை என்றால் வேர்முடிச்சு நூற்புழு. இதற்கு வெயிலை விட மலிவான மருந்து இல்லை. வருடத்தின் கடுமையான வெயில் காலத்தில் மண்ணைக் கொத்திச் சமன்செய்து, நன்றாக நனைத்து, 25 முதல் 50 மைக்ரான் தெளிவான தாளால் மூடி, ஓரங்களை மண்ணில் புதைத்து, குடிலையும் அடைத்து நான்கிலிருந்து ஆறு வாரம் விடுங்கள். கறுப்புத் தாள் வேண்டாம், சூடு தாளிலேயே நின்றுவிடும். சொட்டுநீர்க் குழாயை முன்பே எடுத்து வைத்துவிடுங்கள். மேல்மண்ணில்தான் இது நன்றாக வேலை செய்யும், ஆழத்தில் இருப்பவை மெல்ல ஏறி வரும். அதனால் அடுத்த பயிருக்குப் பிறகும் வேரைப் பாருங்கள். மறுபடி முடிச்சு தெரிந்தால் தரைக்குத் தாள் விரித்து மேலே வளர்ப்புப் பை வைத்துக்கொள்வதுதான் நிம்மதி.

*ஆள் கூப்பிட வேண்டிய இடம்:* கழுவியும் வெயிலில் வாட்டியும் மாற்றமில்லை என்றால் மண் பரிசோதனைக்கு அனுப்புங்கள். எட்டுப் பத்து இடத்தில் 15 செ.மீ. ஆழத்திலிருந்து எடுத்துக் கலந்து அரைக் கிலோ போதும். அந்த முடிவு வராமல் சுண்ணாம்போ ஜிப்சமோ போட்டுப் பார்க்காதீர்கள், போட்டதைத் திரும்ப எடுக்க முடியாது.

சுத்தம் செய்து முடித்தும் பூச்சி பறக்கிறது

மஞ்சள் ஒட்டு அட்டையைக் காலிக் குடிலில் ஒரு வாரம் தொங்கவிடுங்கள். ஒட்டினால் எங்கோ ஒரு பச்சை இலை மிச்சமிருக்கிறது: மேடைக்கு அடியில், தரை விரிசலில், அல்லது கதவுக்கு வெளியே உள்ள களையில். சுற்றிலும் மூன்று மீட்டருக்காவது களை இல்லாமல் வெட்டிவிட்டு, உள்ளே ஒரு இலைகூட இல்லாமல் குடிலை வெயிலில் இரண்டு வாரம் அடைத்து வையுங்கள். தின்ன இலை இல்லாத வெள்ளை ஈ அவ்வளவு நாள் தாங்காது. பழைய சணல், ஊன்றுகோல், கட்டிய துணி இவற்றைத் தயங்காமல் எறியுங்கள், செம்பேன் அங்கேதான் பதுங்கும்.

தொட்டி மண்ணை ஒட்டிப் பறக்கும் சின்னக் கறுப்பு ஈ என்றால் உருளைக்கிழங்கு வில்லை ஒன்றை மண் மேல் வைத்து, இரண்டு நாள் கழித்துத் திருப்பிப் பாருங்கள். அடியில் கறுப்புத் தலையோடு புழு இருந்தால் மண் அளவுக்கு மேல் ஈரமாக இருக்கிறது. மேல்மண் காய்ந்த பிறகே தண்ணீர் விடுங்கள்.

நாற்று மட்டும் சாகிறது

தண்டு மண்ணோடு ஒட்டும் இடத்தில் மெலிந்து சாய்கிறது: நாற்றழுகல். தட்டைச் சரியாகக் கழுவவில்லை, அல்லது ஈரம் அதிகம், காற்றில்லை. வெளிறி நெடுநெடுவென்று நீள்கிறது: வெளிச்சம் போதவில்லை, கூரைப் பகுதிக்குத் திரும்பிப் போங்கள். வைத்த ஓரிரு நாளில் இலை விளிம்பு கருகி, உள்ளே ப்ளீச் வாடையும் அடிக்கிறது: இன்னொரு முறை அலசி, இரண்டு நாள் முழுதாகத் திறந்து வையுங்கள்.

இதனால்தான் நான் ஒரே நாளில் குடிலை நிரப்புவதே இல்லை. நாலு மூலையிலும் நடுவிலும் இரண்டிரண்டாகப் பத்து நாற்று வைத்து இரண்டு வாரம் பார்ப்பேன். ஒரு மூலை மட்டும் வாடினால் அங்கே கப்பை வைத்துத் தண்ணீரை அளப்பேன், வெப்பமானியை அங்கே நகர்த்துவேன், ஒரு செடியைப் பிடுங்கி வேரைப் பார்ப்பேன். பத்தும் புது இலை விட்ட பிறகுதான் மீதி நாற்றுகள் உள்ளே வரும்.